வேதம் வாசிக்கிறேன், மனசுல ஒட்டல: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடி பக்கம் ஒரு சபையில் வியாழக்கிழமை சாயங்காலம் வேதபாடம் நடத்துகிறேன். பாட நேரத்தில் யாரும் அதிகம் கேட்பதில்லை. முடிந்து டீ குடிக்கும்போதும் வாசலில் செருப்பு மாட்டும்போதும்தான் உண்மையான கேள்விகள் வரும். குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டை என்று எந்த ஊர்க் கூட்டத்துக்குப் போனாலும் இதே கேள்விகள்தான். அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் பேச்சை மாற்றவில்லை, ஆள் அடையாளம் மட்டும் தெரியாதபடி பார்த்துக்கொண்டேன். நான் இறையியல் படித்தவள் இல்லை, பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். வசனங்கள் நாம் கோவிலில் கேட்டுப் பழகிய பழைய மொழிபெயர்ப்பில் இருந்து.

பைபிள் படிச்சா எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது டீச்சர். எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை. இதைக் கேட்டவர்களில் ஞாயிறு பள்ளி நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், பாடகர் குழுவில் வருடக்கணக்காகப் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாரும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள், ஏதோ திருடிவிட்ட மாதிரி. பக்கத்தில் இருப்பவருக்கும் அதே சங்கடம் என்பது இருவருக்குமே தெரியாது.

வேதத்துக்குள்ளேயே இப்படி ஒருவர் உண்டு. அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி ஒருவர் எருசலேமில் பணிந்துகொண்டு ஊர் திரும்புகிறார். ராணியின் பொக்கிஷம் முழுவதும் அவர் பொறுப்பில். ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவைச் சத்தமாக வாசித்துக்கொண்டு வருகிறார். வாசிப்பது புரிகிறதா என்று பிலிப்பு கேட்டதும், "ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் அது எனக்கு எப்படித் தெரியும்" என்கிறார். இவ்வளவு தூரம் பயணம் செய்து கும்பிட்டு வந்தவருக்கே புரியவில்லை. அதற்காக அங்கே யாரும் அவரைக் குறை சொல்லவும் இல்லை.

எங்க இருந்து ஆரம்பிக்கணும்? ஆதியாகமத்துல ஆரம்பிச்சா லேவியராகமத்துல நின்னுடுது.

எல்லாருக்கும் அங்கேதான் நிற்கிறது. ஜனவரியில் ஆதியாகமம் ஓடும். யாத்திராகமத்தில் செங்கடல் தாண்டும் வரை ஓடும். அப்புறம் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள், அதற்கப்புறம் லேவியராகமத்தின் 27 அதிகாரங்கள். பிப்ரவரிக்குள் புத்தகம் மூடப்படும்.

மாற்கில் ஆரம்பியுங்கள். 16 அதிகாரம்தான். ஒரு ஞாயிறு மத்தியானம் உட்கார்ந்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முழுவதும் முடிந்துவிடும். அப்படி ஒரே மூச்சில் ஒருமுறையாவது வாசித்துப் பாருங்கள். துண்டு துண்டாகக் கேட்ட கதைகளை ஒருவர் வேகமாகச் சொல்லிக்கொண்டே போவது அப்போதுதான் காதில் விழும். அதுவும் பெரிதாகத் தோன்றினால் ரூத், நாலே அதிகாரம்.

தினமும் எத்தனை அதிகாரம் படிக்கணும்?

இதற்குக் கணக்கே இல்லை. நம் பைபிளில் மொத்தம் 1189 அதிகாரங்கள். ஒரு வருடத்தில் முடிக்க வேண்டுமென்றால் நாளைக்கு மூன்றுக்கு மேல் போக வேண்டும். அந்த அட்டவணை சிலருக்கு நன்றாக ஒத்துவருகிறது. உங்களைப் போல ஒட்டவில்லை என்று சொல்கிறவர்களுக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி. டிக் அடிக்கிற சந்தோஷத்தில் வாசித்தது என்ன என்பதே மறந்துபோகிறது.

பழைய தமிழ் புரியவே இல்ல. வேற பைபிள் படிச்சா தப்பா?

தப்பே இல்லை. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சடித்தது 1714, 1715இல். அன்றிலிருந்து திருத்தியும் புதிதாக மொழிபெயர்த்தும்தான் வந்திருக்கிறார்கள். பல சபையாரும் சேர்ந்து செய்த திருவிவிலியம் 1995இல் வந்தது. கத்தோலிக்க நண்பர்கள் கையில் இருப்பது அதுதான். எளிய தமிழ்ப் பதிப்புகளும் கிடைக்கின்றன.

வீட்டில் புரிகிற பதிப்பை வாசியுங்கள், கோவிலில் பழையதைக் கேளுங்கள். சங்கீதங்களுக்கு மட்டும் பழையதையே நான் சிபாரிசு செய்வேன். அந்த ஓசை நாக்கில் ஏறினால் லேசில் இறங்காது.

காலையில அஞ்சு மணிக்கு எழுந்து படிச்சாத்தான் தியானமாம். எனக்கு ஆறரைக்கு ஷூ கம்பெனி பஸ் வந்துடும். நான் எப்ப படிக்கறது?

அதிகாலைத் தியானம் நல்ல பழக்கம். ஆனால் அதைச் சட்டமாகச் சொல்கிறவர்களில் பலருக்கு வீட்டில் வேறு யாரோ சமைக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் வேலைக்கும் ஷூ வேலைக்கும் போகிற பெண்கள் விடியுமுன் எழுந்து சோறு வடித்து, டப்பா கட்டி, பிள்ளையைக் கிளப்பிவிட்டு ஓடுகிறார்கள். நைட் டியூட்டி முடித்து வரும் நர்ஸுக்கு காலை என்பதே ராத்திரி.

பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேளுங்கள். வேதம் வெகுகாலம் கேட்கப்பட்ட புத்தகம்தான். கொலோசெயருக்கு எழுதிய கடிதத்தை லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் செய்யுங்கள் என்று பவுல் எழுதுகிறார் (கொலோசெயர் 4:16). ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். ஆளுக்கொரு பிரதி யாரிடமும் இருக்கவில்லை.

களைப்பாக இருந்தால் தூங்குங்கள். எலியா தீர்க்கதரிசி சாகவேண்டும் என்று சொல்லி ஒரு சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டபோது, தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டு அவர் மறுபடியும் படுத்தார். இரண்டாவது முறையும் சாப்பாடுதான். கர்த்தர் பேசின அந்த மெல்லிய சத்தமெல்லாம் அதற்கு நாற்பது நாள் கழித்து (1 இராஜாக்கள் 19).

படிக்க உக்காந்தாலே மனசு எங்கயோ ஓடிடுது. கேஸ் புக் பண்ணமா, பையன் ஃபீஸ் கட்டினமான்னு.

வாய்விட்டு வாசியுங்கள். கண் மட்டும் வாசித்தால் மனசு ஓடும், வாயும் சேர்ந்தால் கொஞ்சம் கட்டுப்படும். பக்கத்தில் ஒரு துண்டுத் தாள் இருக்கட்டும். கேஸ், ஃபீஸ் எல்லாவற்றையும் அதில் எழுதிவிட்டால் தொந்தரவு குறையும்.

ஆனால் கவனம் ஓடுவதற்கு இன்னொரு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொரு வரியிலும் 'இதில் எனக்கு என்ன' என்று தேடிக்கொண்டே போகிறோம். கிடைக்காத வரிகளைத் தாண்டிவிடுகிறோம். கடைசியில் எதையும் பார்த்திருக்க மாட்டோம். நான் சொல்வது இதுதான்: பத்து நிமிடம் உங்களைத் தேடுவதை நிறுத்துங்கள். அந்தப் பக்கத்தில் நிற்கிற ஆளைப் பாருங்கள். என்ன உடுத்தியிருக்கிறார், யார் அவரைப் பேசவிடவில்லை, எதை விட்டுவிட்டு எழுந்து வருகிறார்?

ஆளைப் பாருன்னா எப்படி? ஒரு உதாரணம் காட்டுங்க.

போன கோடையில் நடந்ததைச் சொல்கிறேன். கத்திரி வெயில் நேரம், அறைக்குள் உட்கார முடியாமல் மொட்டை மாடியில் பாய் விரித்து வைத்துக்கொண்டோம். பாடம் மாற்கு 10:46-52. எரிகோ வழியோரத்தில் பிச்சைக்கு உட்கார்ந்திருக்கும் குருடன் பர்திமேயு. எல்லாருக்கும் தெரிந்த கதை. அதனால் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். யாரும் கருத்து சொல்லக் கூடாது, கண்ணில் பட்டதை மட்டும் சொல்ல வேண்டும்.

முதலில் மௌனம். அப்புறம் ஒருவர், அவன் கூப்பிடும்போது அதட்டினவர்கள் இயேசுவோடு நடந்து போகிற ஜனங்கள்தானே என்றார். இன்னொருவர், கொஞ்ச நேரம் கழித்து அதே கூட்டம் "திடன்கொள், எழுந்திரு" என்று மாற்றிப் பேசுகிறது என்றார். காலேஜ் படிக்கும் பையன் ஒருவன், அவன் மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு எழுந்தான் என்ற இடத்தில் விரலை வைத்தான். பிச்சைக்காரனுக்கு அந்தத் துணி எவ்வளவு பெரிய சொத்து, கண் தெரியாதவன் எறிந்தால் திரும்ப எப்படித் தேடுவான் என்று கேட்டான். எனக்கே அது புதிது.

கடைசியில், வழக்கமாக வாயே திறக்காத ஒரு அம்மா, இயேசு "நான் உனக்கு என்னசெய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்று ஏன் கேட்கிறார், குருடனுக்கு என்ன வேண்டும் என்று பார்த்தாலே தெரியுமே என்றார். கொஞ்சம் நிறுத்தி, "எங்க மாமியார் படுத்த படுக்கையா இருக்காங்க. என்ன சாப்பாடு, எந்த ரூம், எப்ப குளிக்கணும், எல்லாம் நாங்களே முடிவு பண்றோம். அவங்கள யாரும் கேக்கல" என்றார். அவர் தன்னைத் தேடி அந்தப் பகுதியை வாசிக்கவில்லை. பர்திமேயுவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் இருக்கிற ஒருவர் முகம் கண்ணில் பட்டது. ஒட்டுவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான் நடக்கிறது.

சின்ன வயசுல இருந்தே கேட்ட கதைங்க. ஞாயிறு பள்ளியில மனப்பாடமும் பண்ணியாச்சு. புதுசா என்ன இருக்கு?

நீங்கள் மனப்பாடம் செய்தது நாலைந்து புத்தகங்களின் நல்ல பகுதிகள். ஆபகூக் வாசித்திருக்கிறீர்களா? மூன்றே அதிகாரம், முதல் வசனங்களிலேயே கடவுளிடம் சண்டைக்கு வருகிறார். எஸ்தர் புத்தகத்தில் கடவுள் பெயரே ஒருமுறைகூட வராது என்பதைக் கவனித்தீர்களா?

யோனாவை மீனோடு நிறுத்திவிட்டோம். நாலாவது அதிகாரத்தில் அவர் ஊருக்கு வெளியே குடிசை போட்டு, நினிவே அழிகிறதா என்று பார்க்க உட்காருகிறார். நிழல் தந்த செடி பட்டுப்போனதும் சாவதே நலம் என்கிறார். புத்தகம் ஒரு கேள்வியில் முடிகிறது. இலட்சத்திருபதினாயிரம் பேருக்கு மேல் மனுஷரும், "அநேக மிருகஜீவன்களும்" இருக்கிற நகரத்துக்கு நான் பரிதபிக்கக் கூடாதா என்று. யோனா பதில் சொன்னதாக எழுதவில்லை. ஞாயிறு பள்ளியில் இதை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை, சொல்லியிருந்தாலும் மாட்டின் மேல்தான் நம் கண் போயிருக்கும்.

புது வருஷ ஆராதனையில வாக்குத்தத்த அட்டை எடுக்கறோமே, அது எனக்குன்னு வந்த வசனம்தானே? அது போதாதா?

அட்டையை நான் கிண்டல் செய்ய மாட்டேன். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேலும் ஒன்று ஒட்டியிருக்கிறது. ஆனால் அட்டையில் வருவது ஒரு வரி, அது யாருக்கோ எழுதின ஏதோ ஒன்றில் இருந்து வெட்டி எடுத்த வரி.

எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." வேலைக்கு இன்டர்வியூ போகிறவரும், வரன் பார்க்கிறவரும் பிடித்துக்கொள்கிற வசனம். இது ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எருசலேமில் இருந்து எரேமியா அனுப்பியது. சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த ஊரின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள், எழுபது வருஷம் ஆகும் என்று அவர் எழுதுகிறார். அதற்கு அடுத்த வரிதான் நம் அட்டை வசனம். அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிய ஒரு ஐம்பது வயதுக்காரரை நினைத்துப் பாருங்கள். அவர் திரும்பப் போவதில்லை.

முழுக் கடிதத்தையும் படித்தால் வசனம் பலவீனமாகிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். நான் பார்த்த வரை நேர்மாறாகத்தான் நடக்கிறது. வீட்டில் நாள்பட்ட வியாதிக்காரரை வைத்துக்கொண்டிருப்பவருக்கு அட்டையைவிட அந்த எழுபது வருஷம்தான் பிடிபடுகிறது.

எல்லாரும் சாட்சி சொல்றப்ப 'ஆண்டவர் இன்னிக்கு என்கிட்ட பேசினார்'ங்கறாங்க. என்கிட்ட ஏன் பேச மாட்டேங்கறார்?

சாட்சி சொல்கிறவர்கள் நடந்து முடிந்ததைச் சுருக்கிச் சொல்கிறார்கள். நடுவில் இருந்த குழப்பத்தைச் சொல்ல இரண்டு நிமிடம் போதாது. சாமுவேலைப் பாருங்கள். அவன் தேவாலயத்திலேயே படுத்துத் தூங்குகிற பிள்ளை. கூப்பிட்ட குரலை மூன்று முறையும் ஆசாரியன் ஏலியின் குரல் என்று நினைத்து ஓடுகிறான். அவன் இன்னும் கர்த்தரை அறியாதிருந்தான் என்று வேதமே எழுதி வைத்திருக்கிறது (1 சாமுவேல் 3:7). யார் கூப்பிடுகிறார் என்று கண்டுபிடித்தது பையன் இல்லை. கண்பார்வை மங்கிப்போன ஏலி.

நம் ஊர்க்கதை ஒன்றும் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார், ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்தவர், மிஷனரி ஆகக் கூடாது என்ற முடிவோடு இருந்தவர். 1890களில் திண்டிவனத்தில் அப்பா அம்மாவோடு இருந்தபோது ஒரே ராத்திரியில் மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியும் பிரசவ வேதனையில். அப்பா டாக்டர், ஆனால் ஆண் டாக்டர் வரக் கூடாது என்றார்கள். ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1899இல் பட்டம் வாங்கி, 1900இல் வேலூருக்கு வந்தார். மற்றது உங்களுக்குத் தெரியும். மிஷனரி வீட்டில் தினமும் வேதம் கேட்டு வளர்ந்த பெண்தான். அவரை அசைத்தது வாசலில் வந்து நின்ற மூன்று பேர்.

எல்லார் வாசலிலும் அப்படி யாராவது தட்டுவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பேசுவது என்றால் வாசிக்கும் அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் நெஞ்சில் ஏதோ நடப்பது என்று வைத்துக்கொள்ள வேண்டாம் என்கிறேன். எம்மாவுக்குப் போன இரண்டு சீஷர்களும் வழியெல்லாம் இயேசு சொன்ன வேதவிளக்கம் கேட்டார்கள். நம் இருதயம் கொழுந்துவிட்டு எரியவில்லையா என்று அவர்கள் பேசிக்கொண்டது எல்லாம் முடிந்த பிற்பாடுதான் (லூக்கா 24:32).

எங்க பாட்டி சாமிப் பாட்டு பாடினா எனக்குக் கண்ணுல தண்ணி வரும். கல்யாணம் ஆகி சபைக்கு வந்தப்புறம் பைபிள் படிக்கிறேன், அந்த உருக்கம் வரல. இது தப்பா?

தப்பு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பாட்டியின் குரல், விளக்கு வெளிச்சம், மடி, எல்லாம் சேர்ந்த உருக்கம் அது. அச்சடித்த தாளில் அதைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? மேல்விஷாரத்தில் எனக்கு ஒரு சிநேகிதி உண்டு. ரமலானில் குர்ஆனின் முப்பது ஜுஸ்வுகளையும் (பாகங்களையும்) ஓதி முடிப்பார். அரபி அர்த்தம் எல்லாம் தெரியாது, வாப்பா ஓதின ராகம் காதிலேயே இருக்கிறது என்பார்.

சங்கீதங்களும் பாட்டுகள்தான். தலைப்பிலேயே "இராகத்தலைவனுக்கு" என்று போட்டிருக்கும். பாட்டைப் பேச்சாக வாசித்துவிட்டு உருகவில்லையே என்கிறோம். கீர்த்தனைப் புத்தகத்தை எடுங்கள். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) காலத்தில் இருந்து ராகம், தாளத்தோடு வந்திருக்கிறது. சமையலறையில் பாடிக்கொண்டிருங்கள். உங்கள் பிள்ளைக்கு நீங்கள்தான் அந்தப் பாட்டி.

எனக்குப் படிச்சா கோபம்தான் வருது. குழந்தைங்கள கல்லு மேல மோதணும்னு சங்கீதத்துல இருக்கே!

இருக்கிறது, சங்கீதம் 137இன் கடைசி வசனம். நாடு எரிந்து, அடிமையாய்ப் போன ஜனங்களின் வாயில் வந்தது. அதை அழகுபடுத்தி விளக்கம் சொல்கிற ஆள் நான் இல்லை. கோபம் வருகிறது என்றால் நீங்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டீர்கள். ஒன்றும் ஒட்டவில்லை என்று சொன்னவருக்கு அதுவே ஓர் ஆரம்பம்.

கோபத்தோடு ஆகாரின் கதையையும் வாசியுங்கள் (ஆதியாகமம் 16). எகிப்திய அடிமைப் பெண். எஜமானி கொடுமை தாங்காமல் கர்ப்பத்தோடு வனாந்தரத்துக்கு ஓடிவந்தவள். தன்னோடு பேசின கர்த்தருக்கு "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்று அவளே பேர் வைக்கிறாள். அவள் எஜமான் ஆபிரகாமுக்கு அதுவரை அப்படி ஒரு பேர் வைக்கத் தோன்றவில்லை.

எங்க ஊர் சபையில கல்லறையே ஜாதிக்கு ஒண்ணு. அப்புறம் 'யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை'ன்னு படிச்சா எப்படி ஒட்டும்?

ஒட்டாது. ஒட்டாமல் இருப்பதுதான் சரி. இதில் உங்கள் வாசிப்பில் ஒரு குறையும் இல்லை. கலாத்தியர் 3:28 வாசிக்கிற வாயே கல்லறைக்குக் கோடு போட்டால் கேட்கிறவருக்கு வசனம் கசக்கத்தான் செய்யும். இன்னும் ஜெபி, இன்னும் தியானம் பண்ணு என்று உங்களுக்குப் புத்தி சொல்வது அநியாயம்.

ஒரு அதிகாரம் பின்னால் போய் 2:11-14 வாசியுங்கள். அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத புறஜாதியாரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமில் இருந்து ஆட்கள் வந்ததும் பயந்து பந்தியில் இருந்து விலகிக்கொண்டார். பவுல் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொல்லவில்லை, எல்லாருக்கும் முன்பாகக் கேட்டார். சண்டை சாப்பாட்டுப் பந்தியைப் பற்றியது. வட ஆற்காட்டுக்காரருக்கு இதற்கு விளக்கவுரையே தேவையில்லை. யாக்கோபு 2ஆம் அதிகாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொன்மோதிரக்காரருக்கு நல்ல இடம், ஏழைக்கு "நீ அங்கே நில்லு." அதைச் சபைக் கூட்டத்தில் யாராவது வாசித்தால் அறையில் என்ன அமைதி விழுகிறது என்று கவனித்துப் பாருங்கள்.

வீட்டுக்காரர் போயிட்டாரு. அவ்வளவு ஜெபம் பண்ணோம். இப்ப பைபிளைத் திறந்தாலே நெஞ்சு அடைக்குது.

திறக்க வேண்டாம் அம்மா. இப்போதைக்கு மூடியே இருக்கட்டும். யாராவது வந்து, சகலமும் நன்மைக்கே என்று ரோமர் 8:28 சொன்னால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பிறகு எப்போதாவது முடிந்தால் சங்கீதம் 88. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பலவும் கடைசியில் எப்படியாவது துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. சிநேகிதனையும் தோழனையும் தூரமாக விலக்கினீர் என்று சொல்லி இருட்டிலேயே முடிகிறது. அதையும் யாரோ பாதுகாத்து, பாட்டுப் புத்தகத்தில் சேர்த்து வைத்தார்கள். ரூத்தின் கதையில் நகோமி கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் இழந்து பெத்லகேமுக்குத் திரும்பும்போது, என்னை மாராள் என்று கூப்பிடுங்கள், சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார் என்று ஊர்ப் பெண்களிடம் சொல்கிறாள். அப்படிப் பேசாதே என்று அந்த அதிகாரத்தில் ஒருவரும் அவளைத் திருத்தவில்லை.

ஒன்று மட்டும் தனியாகச் சொல்கிறேன். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வருகிறது என்றால், தாமதிக்காமல் வீட்டில் ஒருவரிடம் சொல்லி டாக்டரைப் பாருங்கள். விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்ல விடாதீர்கள். எலியாவுக்கு முதலில் கிடைத்தது சாப்பாடும் தூக்கமும்தான் என்று மேலே சொன்னேன்.

உணர்ச்சியே வராம வருஷக்கணக்கா படிச்சிக்கினே இருந்தா அது நடிப்பு இல்லையா?

கஷ்டமான கேள்வி. அன்னை தெரசாவின் கடிதங்கள் அவர் இறந்து பத்து வருடம் கழித்து, 2007இல் வெளிவந்தன. ஏறக்குறைய ஐம்பது வருடம் உள்ளுக்குள் இருட்டாகவே இருந்ததாகத் தன் ஆவிக்குரிய ஆலோசகர்களுக்கு எழுதியிருந்தார். அதைப் படித்து, அப்படியானால் எல்லாம் வேஷமா என்று கேட்டவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நெருங்கினவர்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தவரை நடிகர் என்று எப்படிச் சொல்வது?

நடிப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்றால், வராததை வந்ததாகச் சாட்சி சொல்லும்போது. அதைச் செய்யாதீர்கள். குடும்ப ஜெபத்தில் உங்கள் முறை வந்தால், இன்று வாசித்தேன், ஒன்றும் தோன்றவில்லை என்று சொல்லுங்கள். முதல் தடவை எல்லாரும் முழிப்பார்கள். அடுத்த வாரம் இன்னொருவரும் அதையே சொல்வார். மாற்கு 9ஆம் அதிகாரத்தில் வியாதிப்பட்ட பிள்ளையின் தகப்பன் ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிடுகிறான்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." பிள்ளை குணமானான். முதலில் உன் விசுவாசத்தைச் சரிபண்ணிக்கொண்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை.

கொஞ்ச நாள் விட்டுட்டா என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. ஆனால் விடுவது என்றால் சொல்லிவிட்டு விடுங்கள். 'இந்த மாதம் நான் வாசிக்கவில்லை' என்று ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். சொல்லாமல் விட்டால் குற்ற உணர்ச்சி சேர்ந்துகொண்டே போகும், அப்புறம் புத்தகத்தைப் பார்க்கவே கூச்சமாகிவிடும். திரும்ப வரும்போது விட்ட நாட்களைக் கணக்குப் போட்டு ஈடுகட்ட வேண்டாம்.

கூட உக்காந்து படிக்க ஆள் இல்லன்னா? எங்க தெருவுல நாங்க மட்டும்தான் கிறிஸ்தவங்க.

போனில் வாசிக்கலாம். எங்கள் குழுவில் இருவர், ஒருவர் ஆரணியில், ஒருவர் சென்னையில், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஆளுக்குப் பாதி அதிகாரம் வாசிக்கிறார்கள். சில நாள் பாதியில் குடும்பக் கதைக்குப் போய்விடும் என்று அவர்களே சொல்கிறார்கள். போகட்டும்.

அதைவிட நல்ல வழி, கண்பார்வை குறைந்த பெரியவர் யாராவது சபையில் நிச்சயம் இருப்பார். வாரத்துக்கு ஒருமுறை போய் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எந்தப் புத்தகம் என்று அவரையே கேளுங்கள், அவர் நிறுத்தச் சொல்கிற இடத்தில் நிறுத்துங்கள். சில பேர் ஒரே சங்கீதத்தை மாதக்கணக்கில் கேட்பார்கள், சலிக்காமல் வாசியுங்கள். நேபுகாத்நேச்சாரை நீங்கள் தப்பாக உச்சரித்தால் கண்ணை மூடிக்கொண்டே திருத்துவார்கள், அதற்குக் கோபப்பட வேண்டாம்.